நகருக்குள் சிபி ரேடியோ: சிகாகோ சாலைகளை வைத்து ஒரு பாடம்

அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே ஐ-80 சாலையில் வந்துகொண்டிருக்கும்வரை சிட்டிசன்ஸ் பேண்ட் என்கிற சிபி ரேடியோவை யார் வேண்டுமானாலும் கையாளலாம். குறுக்கே மலையும் இல்லை, மாடியும் இல்லை. ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி வரும் டிரக் ஓட்டுநரின் குரல்கூடத் தெளிவாகக் கேட்கும். ஜோலியட்டைத் தாண்டிச் சிகாகோ வட்டாரத்துக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் அதே பெட்டி வேறு குணம் காட்டத் தொடங்கும். அடியில் ஓயாத இரைச்சல், அதன் மேல் ஒரே சானலில் மூன்று பேர் பேச்சு, நடுவே யாரோ எதிரொலி மைக்கில் பாட்டுப் பாடுவது. நெடுஞ்சாலையில் பழகிய பழக்கங்களில் பாதியை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிகாகோவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நாட்டின் ரயில் பாதைகளும் டிரக் சாலைகளும் வந்து முடிச்சிடும் ஊர் அது. நேபர்வில், அரோரா பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள் என்பதும் ஒரு வசதி. இங்கே பழகிவிட்டால் டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ திணற வேண்டியிருக்காது.

நகரத்தில் இரண்டு வண்டிகளுக்கு இடையே சிபி எட்டும் தூரம் சில சமயம் ஒன்றரை கிலோமீட்டர், அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து. இதைக் குறையாக நினைத்துப் பெரிய ஆன்டெனாவும் சட்டவிரோதமான ஆம்ப்ளிஃபயரும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நகரத்தில் உங்களுக்கு வேண்டியது தூரத்துச் சேதி அல்ல. அடுத்த இரண்டு வெளிவழிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான். குறைந்த தூரமே எட்டும் ரேடியோ, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதையைத் தானாகவே வடிகட்டிவிடுகிறது. காதில் விழும் குரல் பெரும்பாலும் உங்கள் சாலையில் இருப்பவருடையது. ஆகவே நகருக்குள் சிபியை முதலில் காதாகவும் அப்புறம்தான் வாயாகவும் பயன்படுத்துங்கள். கீழே சொல்வதெல்லாம் இதையொட்டியே.

எந்தச் சாலையில் ஆள் இருக்கிறது

அடிப்படை எண்களை ஒரு முறை நினைவுபடுத்திவிடுகிறேன். அமெரிக்க சிபியில் 40 சானல்கள். 26.965 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 27.405-இல் முடிகின்றன. ஏ.எம். முறையில் 4 வாட், எஸ்.எஸ்.பி. முறையில் உச்சமாக 12 வாட் அனுப்பலாம். 1983-க்குப் பிறகு தனிநபர் உரிமம் தேவையில்லை. 9-ஆம் சானல் அவசரத்துக்கும் வழிப்போக்கருக்கு உதவுவதற்கும் உரியது. 19-ஆம் சானலை எந்தச் சட்டமும் டிரக்குகளுக்கு ஒதுக்கவில்லை. பழக்கம்தான் அதைச் சாலையின் சானலாக்கியது. மேற்குக் கரையில் வடக்கு தெற்காக ஓடும் ஐ-5 போன்ற சாலைகளில் 17-ஐக் கேட்பவர்களும் உண்டு.

27 மெகாஹெர்ட்ஸ் சிபி 1958-இல் 23 சானல்களோடு தொடங்கியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் அடுத்த ஆண்டு நாடு முழுக்க வந்த மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடும்தான் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. எந்த பங்கில் டீசல் கிடைக்கிறது, போலீஸ் எந்தப் பாலத்தடியில் நிற்கிறது என்று டிரக் ஓட்டுநர்கள் பேசிக்கொண்டதைப் பார்த்துக் கார்காரர்களும் பெட்டி வாங்கினார்கள். 1976-இல் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டே 'ஃபர்ஸ்ட் மம்மா' என்ற பெயரில் காற்றில் பேசினார். நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி முதல் தேதி சானல்கள் 40 ஆயின. பிறகு கைபேசி வந்தது, கார்களிலிருந்து பெட்டி இறங்கியது, டிரக்குகளில் மட்டும் தங்கிவிட்டது. அங்கும் இப்போது எல்லோரும் அதைத் திறந்து வைப்பதில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. டிரக் போகும் சாலையில் சிபிக்கு உயிர் இருக்கும், டிரக் போகாத சாலையில் இருக்காது. இலினாய் எல்லையிலிருந்து இந்தியானாவுக்குள் ஓடும் ஐ-80/94, அதாவது போர்மன் எக்ஸ்பிரஸ்வே, எந்நேரமும் டிரக்குகளால் நிரம்பிய சாலை. அங்கே 19 ஓய்வதே அரிது. நகரின் மையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஐ-294 சுங்கச் சாலையும் அப்படித்தான். ஸ்டீவன்சன் என்கிற ஐ-55-இல் கண்டெய்னர் ரயில் முனையங்களுக்குப் போய்வரும் வண்டிகளால் பேச்சு குறையாது. ஏரிக்கரையை ஒட்டி ஓடும் லேக் ஷோர் டிரைவில் டிரக்குகளுக்கு அனுமதியே கிடையாது. அங்கே 19-இல் இரைச்சல்தான் மிஞ்சும். 2011 பிப்ரவரி பனிப்புயலில் அந்தச் சாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் இரவு முழுக்கப் புதைந்து நின்றன. அப்படிப்பட்ட இடத்தில் சிபியை நம்பி உட்காராமல் கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன்டெனாவும் கூரையும்

சிபி அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஒன்பது அடிக் கம்பிதான் இயல்பாகவே நன்றாக வேலை செய்யும். சந்தையில் 102 அங்குலக் கம்பியாக, அடியில் ஸ்பிரிங்கோடு விற்கிறார்கள். பண்ணை வீட்டுக்காரருக்கு அது சரி. நகரத்தில் அதை வைத்துக்கொண்டு எந்த பார்க்கிங் மாடிக்குள்ளும் போக முடியாது. உள்ளே நுழையும் உயரம் பெரும்பாலும் ஏழடிக்குள் என்றுதான் வாசலில் எழுதியிருப்பார்கள். ஆகவே அடியிலோ நுனியிலோ கம்பிச் சுருள் வைத்துச் சுருக்கிய மூன்றடி முதல் ஐந்தடி ஆன்டெனாவே நகர ஓட்டத்துக்கு ஏற்றது. எட்டும் தூரத்தில் கொஞ்சம் இழப்பீர்கள். நகரத்தில் அந்த இழப்பு தெரியவே தெரியாது.

காந்த அடி கொண்டதை வாங்கிக் கூரையின் நடுவில் வையுங்கள். கூரைத் தகடு ஆன்டெனாவின் மறுபாதிபோல வேலை செய்வதால் நான்கு பக்கமும் சமமாகத் தகடு விரிந்திருப்பது நல்லது. பின்பக்க மூலையில் வைத்தால் வண்டியின் தகடு எந்தப் பக்கம் அதிகமாக விரிந்திருக்கிறதோ அந்தத் திசையில் அலை வலுவாகப் போகும். இரண்டு வகை வண்டிகளில் காந்தம் ஒட்டாது. ஒன்று, கூரை முழுக்கக் கண்ணாடி போட்டவை. இன்னொன்று, அலுமினிய உடல் கொண்டவை. 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 அப்படித்தான். இவற்றுக்கு டிக்கி மூடியின் விளிம்பில் திருகாணியால் பிடிக்கும் அடி வேண்டும்.

பொருத்தியதும் எஸ்.டபிள்யூ.ஆர். அளக்காமல் மைக்கை அழுத்தாதீர்கள். ரேடியோவிலிருந்து போகும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவால் ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு அது. 1.5-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 2 வரை பொறுத்துக்கொள்ளலாம், 3-ஐத் தொட்டால் ரேடியோவின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. 1-ஆம் சானலிலும் 40-ஆம் சானலிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 40-இல் அதிகமாக வந்தால் கம்பி நீளம் கூடுதல், சற்றுக் குறைக்க வேண்டும். 1-இல் அதிகமாக வந்தால் நீட்ட வேண்டும். இந்த வேலையை அபார்ட்மெண்ட்டின் கீழ்த்தளத்தில் செய்தால் கிடைக்கும் எண் பொய் சொல்லும். சுற்றிலும் இருக்கும் இரும்பு அளவைக் கெடுத்துவிடும். திறந்த மைதானமாகப் பார்த்து, கதவுகளை மூடிவிட்டு, ஆன்டெனாவின் பக்கத்தில் யாரும் நிற்காதபோது அளக்க வேண்டும். மளிகைக் கடையின் பெரிய பார்க்கிங், விடியற்காலையில் காலியாக இருக்குமே, அதைவிட நல்ல இடம் நகருக்குள் கிடைக்காது.

மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள், இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் போட்டு. சிகரெட் லைட்டர் துளையில் செருகினாலும் வேலை செய்யும். ஆனால் வண்டியின் எல்லா மின்சார இரைச்சலும் அதே வழியாக ரேடியோவுக்குள் வந்துவிடும்.

இரைச்சலோடு வாழ்வது

நகரத்தின் இரைச்சல் பாதி வெளியிலிருந்து வருகிறது: உயர் அழுத்தக் கம்பிகள், எல்.இ.டி. விளம்பரப் பலகைகள், மின்சார ரயில் பாதை. அவற்றைக் கடந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. மீதிப் பாதி உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் போட்டுக் கேளுங்கள். பிறகு இன்ஜினைப் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஊளைச் சத்தம் என்றால் ஆல்டர்னேட்டர். வேகத்தோடு சேர்ந்து அடர்த்தியாகும் டிக் டிக் என்றால் இக்னிஷன். இரண்டும் இல்லாமல் ஓயாத சீறல் மட்டும் இருந்தால், பத்து டாலருக்கு வாங்கிய யூ.எஸ்.பி. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல சமயம் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

அடுத்து ஆர்.எஃப். கெயின் என்கிற திருகு. ரேடியோ எவ்வளவு மெல்லிய அலையைப் பிடிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலையில் அதை முழுதாகத் திறந்து வைத்திருப்பீர்கள். நகருக்குள் வரும்போது பாதிக்குமேல் குறைத்துவிடுங்கள். தூரத்துக் குரல்களும் இரைச்சலும் ஒருசேர அடங்கி, பக்கத்து வண்டிகளின் குரல் மட்டும் மேலே மிதந்து வரும். நகர ஓட்டத்தில் இதைவிடப் பயனுள்ள திருகு பெட்டியில் கிடையாது. பலர் அதைத் தொட்டதே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்குவெல்ச்சை அதற்குப் பிறகு சரிசெய்யுங்கள். யாரும் பேசாத நேரத்தில் சீறல் நிற்கும்வரை திருப்பி, மயிரிழை கூடுதலாக வைத்தால் போதும். அளவுக்கு மீறித் திருப்பினால் பக்கத்தில் வருபவர் குரலும் அறுபட்டுப் போகும். இரைச்சல் தடுப்பான் பொத்தான்கள் இருந்தால் போட்டே வையுங்கள்.

2021-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் சிபியில் எஃப்.எம். முறைக்கும் அனுமதி கொடுத்தது. எஃப்.எம். கேட்க எவ்வளவோ சுத்தம். ஆனால் சாலையில் எல்லோரும் இன்னும் ஏ.எம்.-இல்தான் இருக்கிறார்கள். இரண்டு கார்களில் ஒன்றாகப் போகும் குடும்பங்களுக்கு எஃப்.எம். வரம். 19-இல் கேட்கப் போனால் ஏ.எம். தான்.

சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனின் செயல்பாடு உச்சத்துக்குப் போகும்போது, 27 மெகாஹெர்ட்ஸ் அலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிவிடும். சிபிகாரர்கள் இதை 'ஸ்கிப்' என்பார்கள். பட்டப்பகலில் ஜார்ஜியாவிலோ கரீபியன் தீவிலோ பேசுபவர் பக்கத்துத் தெருவில் இருப்பவர்போலக் காதில் விழுவார். அவர் சொல்லும் சாலை நெரிசலை நம்பி நீங்கள் வெளிவழியில் இறங்கிவிடக் கூடாது. குரல் அலையலையாகப் பெருகித் தேய்ந்தால், பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசினால், அது ஸ்கிப். அந்த நேரங்களில் கெயினை இன்னும் குறையுங்கள்.

மையப் பகுதியான லூப்பில் வேறொரு தொல்லை உண்டு. இரும்புச் சட்டகக் கட்டடங்களின் நடுவே அலை பல பக்கம் மோதித் திரும்புவதால், ஒரே தெருவில் சில இடத்தில் குரல் வலுவாகவும் சில இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது குரல் செத்துப்போனால் ரேடியோவைக் குறைசொல்லாதீர்கள். ஒரு வண்டி நீளம் முன்னே நகர்ந்ததும் திரும்பி வரும். லோயர் வேக்கரில், அதாவது வேக்கர் டிரைவின் கீழ் அடுக்கில், ஜி.பி.எஸ்.கூடத் திசை தடுமாறும். சிபி அங்கே ஊமை. கீழே இறங்கும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

சட்டமும் கையும்

வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்ற விதி சிபி மைக்குக்குப் பொருந்துமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வணிக வாகன ஓட்டுநர்களுக்கு 2012 ஜனவரியில் நடப்புக்கு வந்த மத்திய அரசுத் தடையில், கைபேசி என்ற வரையறைக்குள் சிபி வராது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். இலினாய் மாநிலச் சட்டமும் சிபிக்கு விலக்குத் தருகிறது. 2018-இல் வந்த ஜார்ஜியாவின் சட்டமும் அப்படியே. ஆனால் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விஷயம். எல்லை தாண்டும் முன் அந்த மாநிலத்துச் சட்டத்தைப் பாருங்கள். கவனம் சிதறி ஓட்டினார் என்று தனியாக வழக்குப் போட எந்த ஊர்ப் போலீஸுக்கும் வழி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் அனுமதித்தாலும் கை அனுமதிக்க வேண்டுமே. மைக்கின் சுருள் வயர் ஸ்டியரிங்கின் குறுக்கேயோ கியர்க் கம்பியைச் சுற்றியோ வராதபடி, கொக்கியை வலது முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். பார்க்காமலேயே எடுக்கவும் பார்க்காமலேயே மாட்டவும் வர வேண்டும். நிறுத்திய வண்டியில் கண்ணை மூடிப் பழகிவிட்டால் கை தானாகப் போகும். சானலையும் திருகுகளையும் கிளம்பும் முன் வைத்துவிடுங்கள். லேன் மாறும்போதும் சாலைகள் சேரும் இடத்திலும் மைக் கொக்கியில் இருக்கட்டும். ஐ-90/94-உம் ஐ-290-உம் முடிச்சிடும் ஜேன் பர்ன் சந்திப்பில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு பேசும் அளவுக்கு முக்கியமான சேதி எதுவும் உலகத்தில் இல்லை.

பேச்சு

மைக்கை வாயிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். பொத்தானை அழுத்தி அரை விநாடி கழித்துப் பேசுங்கள். அவசரப்பட்டால் முதல் சொல் விழுங்கப்படும், அந்தச் சொல்தான் பெரும்பாலும் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதாக இருக்கும். கத்த வேண்டாம். கத்தினால் அடுத்த முனையில் கரகரப்புதான் கேட்கும். நீங்கள் அழுத்தியிருக்கும்போது மற்றவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது என்பதால், சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விரலை எடுத்துவிடுங்கள்.

சிகாகோவில் திசை சொல்வது தனிக் கலை. கென்னடியும் டான் ரயனும் ஐ-90/94-இன் பகுதிகள். பலகையில் கிழக்கு, மேற்கு என்றிருக்கும். ஆனால் சாலை பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடும். வானொலிப் போக்குவரத்துச் செய்தியோ 'இன்பவுண்டு', 'அவுட்பவுண்டு' என்று நகர மையத்தை வைத்துச் சொல்லும். வெளியூர் டிரக்காரருக்கு இன்பவுண்டு புரியாது, உள்ளூர்க்காரர் கிழக்கு என்று யோசிக்க மாட்டார். இரண்டு பேருக்கும் புரியும் வழி, பலகையிலேயே எழுதியிருக்கும் மாநிலப் பெயரைச் சொல்வது: விஸ்கான்சின் பக்கம், இந்தியானா பக்கம். அதோடு குறுக்குத் தெருவையோ வெளிவழி எண்ணையோ சேர்த்தால் முடிந்தது. டான் ரயனில் எக்ஸ்பிரஸ் லேன், லோக்கல் லேன் என்று இரண்டு பிரிவு உண்டு. விபத்து எதில் என்று சொல்லாவிட்டால் சேதி பாதிதான்.

கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. உங்களுக்கு முன்னே போகிறவரைக் கேட்காதீர்கள், அவரும் உங்களைப்போலவே குருடர். எதிர்த் திசையில் வருகிறவரைக் கேளுங்கள். நீங்கள் போகப்போகும் இடத்தை அவர் இப்போதுதான் கடந்து வந்திருக்கிறார். 'ஹவ்ஸ் இட் லுக் ஓவர் யுவர் ஷோல்டர்' என்பது இதற்கான சிபி வழக்கு, தோளுக்குப் பின்னே எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது. போர்மனில் கிழக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பிரேக் ஒன்-நைன். வெஸ்ட்பவுண்டு வண்டி யாராவது, கேரி பக்கம் ஈஸ்ட்பவுண்டு எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வந்ததும் சும்மா நன்றி சொல்லி நிறுத்தாமல், நீங்கள் கடந்து வந்த பாதையில் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று சொல்லுங்கள். சிபியில் சேதிக்கு விலை சேதிதான். வாங்கிக்கொண்டு மட்டும் போகிறவருக்கு அடுத்த முறை பதில் வராது.

பத்தில் தொடங்கும் குறியீடுகள் நீளமான பட்டியலாக இருக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். டென்-ஃபோர் என்றால் புரிந்தது. 'வாட்ஸ் யுவர் டுவென்டி' என்றால் எங்கே இருக்கிறாய். டென்-நைன் என்றால் திரும்பச் சொல். இந்த மூன்றும் போதும். காதுக்குப் பழக வேண்டிய சொற்கள் வேறு. கரடி என்றால் போலீஸ், ஆகாயத்துக் கரடி என்றால் விமானத்திலிருந்து வேகம் பார்க்கும் போலீஸ். 'அலிகேட்டர்' என்பது சாலையில் கிடக்கும் டயர்த் தோல், நிஜ முதலையைப்போலவே மிதித்தால் கடிக்கும். 'சிக்கன் கூப்' எடை நிலையம். 'ஹாமர் லேன்' வேகமாகப் போகும் இடது லேன். 'ஃபோர்-வீலர்' நீங்கள்தான், கார்காரர். அந்தச் சொல்லைப் பெரும்பாலும் எரிச்சலோடுதான் சொல்வார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆட்களுக்கு இரண்டு குறிப்புகள். ஆங்கிலத்தை நாம் வேகமாகப் பேசுகிறோம். இரைச்சலுக்கு நடுவே ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். எண்களை இலக்கம் இலக்கமாக, ஒன்-ஃபைவ் என்று பிரித்துச் சொல்லுங்கள். காற்றில் சொல்லும் பெயர் இரண்டு அசைக்குள் இருக்கட்டும். சொந்தப் பெயரும் வீட்டு முகவரியும் யார் கேட்டாலும் தரக் கூடாது. மூன்றாவதாக ஒன்று, சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 19-இல் வசைச்சொல் சாதாரணம். உச்சரிப்பைக் கேட்டதும் கேலி செய்பவரும் உண்டு, இனத்தை இழுப்பவரும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பதில்தான். மைக்கைத் தொடாமல் இருந்தால் அடுத்த மைலில் அவர் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார். பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால் ஒலியைக் குறைத்துவிட்டு, நீங்கள் மட்டும் கேட்கும்படி ஒரு சிறிய ஸ்பீக்கரைத் தலைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

உயரம் கேட்பது, அவசரத்துக்குக் கூப்பிடுவது

வீடு மாறும்போது வாடகை லாரி எடுத்து நாமே ஓட்டுவது இங்கே வழக்கம். அதுவரை கார் மட்டுமே ஓட்டியவர் திடீரென்று பன்னிரண்டடி உயரத்தில் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு சிகாகோத் தெருக்களில் இறங்குகிறார். இந்த ஊரில் ரயில் பாதைக்கு அடியில் நுழையும் தெருக்கள் ஏராளம், தாழ்ந்த பாலங்களும் அவற்றில் நிறைய. பெரிய டிரக்குகளின் வழக்கமான உயரம் 13 அடி 6 அங்குலம். அதை ஓட்டுபவர்களுக்கு எந்தப் பாலத்தில் தலை இடிக்கும் என்பது அத்துப்படி. "லோக்கல் இன்ஃபர்மேஷன்" என்று 19-இல் கேட்டால், வட்டாரத்தில் தினமும் ஓட்டும் யாராவது எந்தத் தெருவில் திரும்பக் கூடாது என்று சொல்லக்கூடும். ஆனால் கடைசி வார்த்தை பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணுடையது. ரேடியோவில் ஒருவர் "போகும், போகும்" என்று சொன்னதை நம்பிக் கூரையைப் பிய்த்துக்கொண்டால் அவர் வந்து பணம் கட்டப்போவதில்லை. உங்கள் லாரியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

கிடங்குகளுக்கும் சரக்கு முற்றங்களுக்கும் போகும்போது வாசல் பலகையைப் படியுங்கள். சில இடங்களில் உள்ளே வருபவர் இன்ன சானலில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். எந்த வாயிலில் வண்டியை நிறுத்துவது என்பதை அந்தச் சானலில்தான் சொல்வார்கள்.

அவசரத்துக்கு 9-ஆம் சானல் என்று பழைய கையேடுகள் எல்லாம் சொல்லும். 1962-இல் தொடங்கிய ரியாக்ட் என்ற தன்னார்வ அமைப்பினர் அந்தச் சானலை விழித்திருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று நகரத்தில் 9-இல் கூப்பிட்டால் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்பக் கூடாது. விபத்தைக் கண்டால் முதலில் 911. சிபியின் வேலை அதற்கு அப்புறம்: பின்னால் வருபவர்களை எச்சரிப்பது. மிச்சிகன் ஏரியின் தென்முனையில், இந்தியானா பக்கம், ஏரிக்காற்று கொண்டுவரும் பனி சில நிமிடத்தில் சாலையை மறைத்துவிடும். முன்னே நாலு வண்டி மோதிக் கிடப்பது பின்னே வரும் டிரக்குக்குத் தெரியாது. நெடுஞ்சாலை வேகத்தில் வரும் பாரமேற்றிய டிரக் நிற்பதற்கு ஏறத்தாழ இரண்டு அமெரிக்கக் கால்பந்து மைதான நீளம் வேண்டும், பனியில் அதற்கும் மேலே. அந்த நேரத்தில் 19-இல் "போர்மன் ஈஸ்ட்பவுண்டு, எல்லா லேனும் அடைப்பு, வேகத்தைக் குறையுங்கள்" என்று சாலைப் பெயரோடும் வெளிவழி எண்ணோடும் இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். செயலியில் சிவப்புக் கோடு விழுவதற்கு முன்பே அது ஓட்டுநரின் காதுக்குப் போய்விடும். சிபிக்காகச் செலவழித்த பணம் முழுக்க அந்த ஒரு நிமிடத்தில் திரும்பிவிடும் என்பேன்.

இரண்டு வண்டியாகப் போகும்போது

அரோரா பாலாஜி கோயிலுக்கோ விமான நிலையத்துக்கோ இரண்டு குடும்பமாகக் கிளம்பும்போது சிபி தொலைபேசியைவிட வசதி. எண் அழுத்த வேண்டாம், இணைப்பு அறுபடாது. 9-ஐயும் 19-ஐயும் விட்டுவிட்டு வேறொரு சானலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நெரிசல் வந்தால் எதற்குத் தாவுவது என்பதையும் கிளம்பும் முன் முடிவுசெய்துவிடுங்கள். நடுவழியில் இரைச்சலுக்குள் புதுச் சானல் எண்ணைச் சொல்லிப் புரியவைப்பது வீண் முயற்சி.

லேன் மாறும்போது பெரும்பாலோர் செய்வது முன்வண்டி முதலில் மாறுவது, பின்வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு தவிப்பது. அதைத் தலைகீழாக்குங்கள். முன்வண்டி "இடப்பக்கம் போகணும்" என்று சொன்னதும் பின்வண்டி முதலில் இடது லேனுக்குப் போய் வேகத்தைக் குறைத்து இடத்தைப் பிடிக்க வேண்டும். "வாங்க" என்றதும் முன்வண்டி அந்த இடைவெளிக்குள் நுழையலாம். இலினாய் சுங்கச் சாலைகளில் பணம் கட்ட நிற்கும் வேலை இல்லை என்பதால் வெளிவழிகளில்தான் பிரிந்துபோகும் அபாயம் அதிகம். வெளிவழிக்கு இரண்டு மைல் முன்பே பெயரையும் எண்ணையும் சொல்லிவிடுங்கள், பின்வண்டி திரும்பச் சொல்லி உறுதிசெய்யட்டும். இங்கே தமிழில் பேசுவது தாராளமாக நடக்கலாம், சிபியில் எந்த மொழிக்கும் தடையில்லை.

போய்ச் சேர்ந்ததும் ஆன்டெனாவைக் கழற்றி டிக்கிக்குள் வையுங்கள். கூரையில் கம்பி நிற்கும் வண்டிக்குள் ரேடியோ இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரியும். மைக்கைப் பிடுங்கி உள்ளறையில் போட்டால் இன்னும் நல்லது. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்திருந்தால் சாவியை எடுத்ததும் ரேடியோ அணையாது. பொத்தானைத் திருகி அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஜனவரிக் குளிரில் மறுநாள் காலை ஜம்பர் கேபிளோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.